வயதான நாயின் வட்டில்

பிள்ளைகளே, ஒரு வீட்டின் குணத்தை அறிய வேண்டுமானால் அந்த வீட்டு வாசலில் கிடக்கும் வயதான நாயின் வட்டிலைப் பாருங்கள். விருந்தாளிக்கு விரிக்கும் இலையை ஊர் பார்க்கிறது. குழந்தைக்கு ஊட்டும் சோற்றை ரத்தபாசம் ஊட்டுகிறது. குரைக்கச் சத்தில்லாமல், காவலுக்கு உதவாமல், திண்ணையோரம் சுருண்டு கிடக்கும் ஒரு ஜீவனுக்கு என்ன வைக்கிறோம், எப்படி வைக்கிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்பார் இல்லாத இடத்தில் செய்கிற காரியத்தில்தான் மனிதனின் உண்மையான அளவு தெரியும்.

திண்டுக்கல் பக்கம், எங்கள் வேடசந்தூரைச் சுற்றி நாய் இல்லாத தோட்டம் அரிது. குடகனாற்றை ஒட்டி முருங்கைக்காடும் புகையிலைக் கொல்லையும் ஆட்டுப்பட்டியுமாக விரிந்து கிடக்கும் பூமி இது. ராத்திரியில் மோட்டார் போடப் போகிறவனுக்கு முன்னால் நடப்பது நாய். நூல்மில்லில் இரவு வேலை முடித்து வரும் பெண்ணைத் தெருமுனையில் எதிர்கொள்வதும் நாய்தான். குட்டியாக வரும்போது அதற்குப் பால் ஊற்ற வீட்டில் போட்டி நடக்கும். பத்து வயதைத் தாண்டிவிட்டால், "அது கெடக்கு கிழடு" என்று மிச்சம் மீதியைக் கொட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. முதுமையைப் பார்க்கப் பழகாதவர்கள்.

நீண்ட காலம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடும், வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வளர்த்த நாய்களோடும் வாழ்ந்தவன் நான். என் அனுபவத்தில் கண்டது ஒன்று உண்டு. முதுமைக்குச் செய்யும் உதவி சிறியதாக இருக்க வேண்டும். பார்த்துச் செய்வதாக இருக்க வேண்டும். விடாமல் செய்வதாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் நாயின் வட்டிலில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டவர் கை பிறகு எந்த முதியவரின் தட்டுக்கும் பிசகாமல் போகும்.

அறுப்பு முடிந்த கொல்லைகளில் கிடை போடுவதற்கு ஆட்டுக்காரர்கள் வருவார்கள். ராத்திரியில் ஆடுகளை அங்கே அடைத்தால் நிலத்துக்கு எரு, ஆட்டுக்காரருக்குக் கூலி. அப்படி வந்த பெரியவர் ஒருவரிடம் மூன்று நாய்கள் இருந்தன. இரண்டு இளசு, ஒன்று பல் போன கிழம். பொழுது சாயும் நேரத்தில் இளசுகளுக்குக் கம்பங்கூழைக் கெட்டியாக ஊற்றுவார். கிழத்துக்கு மட்டும் தனிக் கும்பா. கூழில் இருக்கும் கட்டிகளை விரலால் ஒவ்வொன்றாக நசுக்கி, மோர்விட்டுத் தளர்த்தி, அதன் மூக்குக்கு நேரே வைப்பார். இளசுகள் வந்து வாய் வைத்துவிடாதபடி கம்பை ஊன்றிக்கொண்டு, அது நக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "இது முழிச்சிருந்த ராத்திரியெல்லாம் நான் தூங்குனேன் வாத்தியாரய்யா. இது திங்கிற நேரம் நான் முழிச்சிருக்கக் கூடாதா?"

அந்தப் பெரியவர் எந்தப் புத்தகத்தையும் படித்தவரில்லை. ஆனால் கூலிக்கும் அன்புக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது. வேலை செய்த காலத்தில் போட்ட சோறு கூலி. வேலை ஓய்ந்த பிறகு போடும் சோறுதான் அன்பு. கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கலாம். அன்பை அப்படிக் கொடுக்க முடியாது.

நாயின் உழைப்புக்கு மரியாதை செய்ய நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏழாம் நூற்றாண்டு. வீரன் ஒருவனுக்காக எடுத்த அந்தக் கல்லில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். நம் காலத்தில், 2005-ல், அஞ்சல்துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. நம் வாசலில் கிடக்கும் நாட்டு நாய்க்குக் கல்லும் கிடைக்காது, தபால்தலையும் கிடைக்காது. அதற்குக் கிடைக்கக்கூடிய மரியாதை அதன் வட்டிலில் இருக்கிறது. அதை நீங்கள் ஒருவர்தான் கொடுக்க முடியும்.

சரி, எங்கே தொடங்குவது? வட்டிலில் கை வைக்கும் முன் கண்ணை வையுங்கள்.

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு செவலை இருந்தது. வயதான காலத்தில் வைத்த சோற்றில் பாதியை விட்டுவிட்டுப் போகத் தொடங்கியது. தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "கொழுப்பு கூடிப்போச்சு, ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானாத் திங்கும்" என்றார் ஒருவர். என் வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் வட்டிலுக்கு எதிரே மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தார். மணி தலையைச் சாய்த்து இடதுபக்கமாகவே மென்றது. கெட்டியான பருக்கையும் கறித்துண்டும் வாயிலிருந்து நழுவி விழுந்தன. விழுந்ததை முகர்ந்தது, மறுபடி எடுத்தது, மறுபடி விட்டது. பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பற்களில் பழுப்பாகக் காறை கட்டி, ஈறு சிவந்து வீங்கி, ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. பசி இருந்தும் தின்ன முடியாமல் இருந்த நாயைத்தான் கொழுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள்.

வாயில்லா ஜீவனுக்கும், வாயிருந்தும் சொல்ல மனமில்லாத முதியவருக்கும் நாம் செய்யும் முதல் அநியாயம் இதுதான். காரணத்தைத் தேடும் முன் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். அதனால், நாய்க்கு ஏழெட்டு வயது ஆகிவிட்டால் கவனியுங்கள். ராஜபாளையம் போன்ற பெரிய நாய்களுக்கு முதுமை இன்னும் சீக்கிரம் வரும். வாயில் நாற்றம் அடிக்கிறதா? ஒரு பக்கமாக மெல்கிறதா? முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி மூத்திரம் போகிறதா? விலா எலும்பு தூக்கித் தெரிகிறதா, இல்லை தொட்டாலும் அகப்படாமல் கொழுப்பு மூடியிருக்கிறதா? தண்ணீர்த் தாகம் கூடினால் சிறுநீரகமோ சர்க்கரையோ காரணமாக இருக்கலாம். அதை ரத்தப் பரிசோதனையும் மூத்திரப் பரிசோதனையும்தான் சொல்லும். நோயை அறியாமல் உணவை மாற்றுவது இருட்டில் அம்பு விடுவது.

மணிக்குப் பல்லைப் பிடுங்கி, ஈறு ஆறிய பிறகு, வட்டிலில் ஒவ்வொன்றாக மாற்றினோம். சோற்றைக் கொஞ்சம் கூடுதலாக வேகவைத்து மசித்தோம். கோழிக்கறியை உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு, கறியை நாராகக் கிழித்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்துப் பிசைந்தோம். அது பழகியபின் அடுத்தது: வட்டிலில் வைக்கும்போது சோறு வெதுவெதுப்பாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். வயதானால் நாய்க்கு மூக்கின் கூர்மை குறைகிறது. மணம் எட்டாத சோறு அதற்குச் சோறாகவே படாது. சூடு மணத்தை எழுப்பும். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து, இரண்டு வேளைக்கு வைத்த அதே அளவை மூன்று வேளையாகப் பிரித்தோம். வயதான வயிறு ஒரே நேரத்தில் நிறையச் சுமக்காது. அதற்குப் பிறகு, வேகவைத்த முட்டை. அதற்கும் பிறகு, மலச்சிக்கலுக்காக ஒரு கரண்டி வெந்த பரங்கிக்காய். கடைசியாக, வட்டிலைத் தரையிலிருந்து ஒரு செங்கல் உயரத்துக்கு ஏற்றி, முன்கால் வழுக்காமல் இருக்க அடியில் சாக்கை விரித்தோம். கழுத்தும் மூட்டும் பிடித்துக்கொண்ட நாய்க்கு அந்தச் செங்கலும் சாக்கும் பெரிய உபகாரம். நெஞ்சு ஆழமான பெரிய சாதி நாய்களுக்கு மட்டும் வட்டிலை உயர்த்தும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அவற்றுக்கு உண்டு.

ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வாரமாவது பொறுத்தோம். காரணம் உண்டு. இரண்டை ஒன்றாக மாற்றினால், நல்லது நடந்தாலும் எதனால் நடந்தது என்று தெரியாது. கெட்டது நடந்தாலும் எதை நிறுத்துவது என்று தெரியாது. பொறுமை என்பதைச் சும்மா காத்திருப்பது என்று நினைக்காதீர்கள். தான் செய்த காரியத்துக்குத் தன் பலனைக் காட்ட அவகாசம் கொடுப்பதுதான் பொறுமை.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்கிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் கோயம்புத்தூரில் கணினி வேலையில் இருக்கிறான். நல்ல பிள்ளை. ஊரில் அம்மாவோடு இருக்கும் வயதான நாய்க்கென்று விலை உயர்ந்த உணவு மூட்டை ஒன்றை வாங்கிவந்தான். அன்று இரவே பழைய சோற்றை நிறுத்திவிட்டுப் புதியதை நிறைய வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான். விடியும் முன் நாய்க்கு வயிறு கழன்றுவிட்டது. முற்றம் கழுவியே அந்த அம்மா சோர்ந்துபோனார். "ஐயா, இவ்வளவு செலவு பண்ணியும் அதுக்கு ஒத்துக்கலையே" என்று அவன் போனில் வருத்தப்பட்டான்.

அந்த உணவில் குற்றமில்லை, அவசரத்தில்தான் குற்றம். குடலில் செரிமானத்துக்குத் துணை நிற்கும் நுண்ணுயிர்கள் பழகிய உணவுக்கேற்ப அமைந்திருக்கின்றன. பிடுங்கி நட்ட நாற்று வேர்பிடிக்க நாள் கேட்பதுபோல, புதிய உணவுக்குப் பழகக் குடலும் நாள் கேட்கும். முதல் 3 நாள் புதியது கால் பங்கு, பழையது முக்கால் பங்கு. அடுத்த 3 நாள் பாதிக்குப் பாதி. பிறகு 3 நாள் புதியது முக்கால் பங்கு. பத்தாம் நாளில் முழுதும் மாற்றலாம். நடுவில் வயிறு இளகினால் முந்திய படிக்குத் திரும்பி, அங்கேயே சில நாள் நிற்க வேண்டும். இதை அவனுக்குச் சொன்னேன். அவன் அம்மா அப்படியே செய்தார். அதே மூட்டை அதே நாய்க்கு ஒத்துக்கொண்டது. பணத்தை ஒரே நாளில் கொடுத்துவிடலாம். பராமரிப்பை ஒரே நாளில் கொடுத்து முடிக்க முடியாது. தூரத்தில் இருந்து பெற்றோருக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் எல்லோரும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூட்டை உணவுதான் வேண்டும் என்பதில்லை. நம் சோறு நாய்க்கு ஆகாது என்று பயப்படவும் வேண்டாம். 2013-ல் ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயின் மரபணுவை ஓநாயின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு கூடியிருப்பதைக் கண்டார்கள். மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு, அவன் சோற்றைப் பகிர்ந்துகொள்ளத் தக்கதாக நாயின் உடம்பே மாறியிருக்கிறது. நமக்காகத் தன் உடம்பையே மாற்றிக்கொண்ட பிராணிக்கு நாம் வட்டிலைக் கொஞ்சம் மாற்றக் கூடாதா?

ஆனால் வெறும் சோறு போதாது. "வயசாச்சு, கறியெல்லாம் எதுக்கு, தயிர்ச்சோறு போதும்" என்பது நம் பக்கத்தில் பலருடைய எண்ணம். அது தவறு. வயதானால் நாயின் உடலில் தசை கரைகிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் நாய்க்கு, முதுமையில் புரதத்தைக் குறைக்கக் கூடாது. நல்ல புரதமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். முட்டை, தோல் நீக்கிய கோழி, முள் நீக்கிய மீன், எப்போதாவது துளி ஈரல் போதும். அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் போய்வருகிற வீடுகளில் ஈரலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது தினமும் கூடாது. அதில் ஏ வைட்டமின் மிகுதி. அளவு மீறினால் உடம்பில் தங்கித் தீங்கு செய்யும். சிறுநீரகம் பழுதுபட்ட நாய்க்கு மட்டும் புரதத்தையும் பாஸ்பரஸையும் எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டர் சொல்லியே செய்ய வேண்டும்.

சோறும் கறியும் மட்டுமே தின்னும் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதையும் மறக்காதீர்கள். முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, மாவாக இடித்துச் சேர்க்கும் வழக்கம் உண்டு. நாயின் எடைக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பால் சில நாய்களுக்கு வயிற்றைக் கெடுக்கும். புளிக்காத மோரும் தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

சேர்ப்பதைச் சொன்னேன். நீக்குவது அதைவிடக் கடினம்.

பிரியாணிக்குப் பெயர் பெற்றது எங்கள் திண்டுக்கல். ஞாயிற்றுக்கிழமை இலையில் மிஞ்சும் சீரகசம்பா சோற்றையும் எலும்பையும் வாசலில் கொட்டுவதை நாய்க்குச் செய்யும் விருந்தாக நினைக்கிறோம். அந்தச் சோற்றில் வதங்கிக் கிடக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைக்கும்; வெந்தாலும் அந்தத் தன்மை போகாது. வெந்த எலும்பு கூராகச் சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். ஆடும் பல்லை அது முறித்தும் விடும்.

சிறுமலை அடிவாரத்தில் திராட்சை விளைகிறது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது மருத்துவ உலகுக்கு ஏற்கெனவே தெரியும். அதற்குக் காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் நம் புளியில் இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை அமெரிக்க ஆய்வு ஒன்று 2022-ல் பதிவு செய்திருக்கிறது. இளநாய் தாங்கிக்கொண்ட குழம்புச் சோற்றைக் கிழநாய்க்கும் வைக்க வேண்டிய அவசியமில்லை. கருவாட்டின் உப்பும் அப்படித்தான். டீக்கடையில் பொறை வாங்கிப் போடுவது நம் ஊர்களில் ஒரு தர்மமாகவே நடக்கிறது. அந்தத் தர்மம் நிற்க வேண்டாம். வயதான நாய்க்குப் பொறைக்குப் பதில் ஒரு வெந்த முட்டையாக அது மாறட்டும். மூட்டு வலிக்கிறதே என்று நமக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைச் சோற்றில் பொதிந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது உயிரையே வாங்கிவிடும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

எதை வைப்பது என்பதைப் போலவே எவ்வளவு வைப்பது என்பதும் முக்கியம். எங்கள் எதிர்வீட்டில் ஒரு அம்மா இருந்தார். பிள்ளைகள் எல்லாம் வெளியூர். அவர் இட்லி சாப்பிட்டால் நாய்க்கும் இட்லி. காபி குடித்தால் அதற்கும் பிஸ்கட். அது பார்த்த பார்வைக்கெல்லாம் அவர் எழுந்து போய் எதையாவது எடுத்துவந்தார். கடைசியில் அந்த நாயால் படியேற முடியவில்லை. பின்கால்கள் உடம்பைத் தாங்கவில்லை. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னபோது, "எம் புள்ளைய பட்டினி போடச் சொல்றாரே" என்று அந்த அம்மா அழுதார். அவர் அன்பில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த அன்பு தன் ஆறுதலுக்காக ஊட்டியது. நாயின் தேவைக்காக ஊட்டவில்லை.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து 14 ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு வைத்ததைவிட மற்றொன்றுக்குக் கால் பங்கு குறைவாக வைத்தார்கள். 2002-ல் முடிவு வெளிவந்தது. குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. ஏறத்தாழ இரண்டு ஆண்டு அதிகம். மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை அவர்கள் தராசு வைத்து நிறுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஓடியாடித் திரிந்த காலத்தைவிட வயதான நாய்க்கு ஐந்தில் ஒரு பங்கு தீனி குறைந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. மெலிந்துவரும் நாய்க்கு இது பொருந்தாது. அதற்குக் கூடுதலாகவே வேண்டியிருக்கும். எனவே ஒரு டம்ளரை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை விலாவைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையில் எலும்பு தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. கொடுப்பதற்கு மனம் போதும். அளந்து கொடுப்பதற்கு மனத்தோடு உறுதியும் வேண்டும்.

கடைசியாகக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்தாலும் முதுமை திரும்பிப் போகாது. மணியும் ஒரு நாள் போய்விட்டது. அதற்கு முன் கிடைத்த காலத்தில் அது வலியில்லாமல் தின்றது, தன் காலால் எழுந்து வாசலுக்கு வந்தது. நாங்கள் செய்தவற்றின் பலன் அதுதான். அதைக் குறைவென்று நான் நினைக்கவில்லை. ஒரு உயிருக்கு நாள்களைக் கூட்டும் சக்தி பல சமயம் நம்மிடம் இல்லை. இருக்கும் நாளின் துன்பத்தைக் குறைக்கும் சக்தி எப்போதும் நம்மிடம் உண்டு.

இந்தப் பொறுமை இல்லாதவர்கள் செய்வதை நாற்கரச் சாலையோரத்தில் காண்கிறோம். கழுத்தில் பட்டையோடு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும் கிழநாய்கள். வளர்த்த பிராணியைப் பசிதாகத்தில் வாட விட்டுக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது குற்றம்தான். பாரத யுத்தம் முடிந்து, சொர்க்கம் நோக்கிய பயணத்தில் உடன்வந்த எல்லோரும் வழியில் விழுந்தபின், தன்னோடு கடைசிவரை நடந்துவந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்குள் நுழைய மறுத்தான் தருமன். நமக்கு அவ்வளவு பெரிய சோதனை வருவதில்லை. தினமும் மூன்று வேளை, ஒரு வட்டில் அளவுக்குத்தான் சோதனை வருகிறது.

அதனால் பிள்ளைகளே, பெரிய சபதம் எதுவும் வேண்டாம். இன்று சாயங்காலம் உங்கள் வீட்டு வயதான நாய் தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் பாருங்கள். எது அதற்குக் கடினமாக இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சோற்றைச் சற்று மசிப்பதாக இருக்கலாம், கொஞ்சம் சூடாக்குவதாக இருக்கலாம், குழம்பை நிறுத்துவதாக இருக்கலாம். பத்து நாள் அதை விடாமல் செய்துவிட்டு, அடுத்ததை எண்ணுங்கள். அடிமேல் அடி வைத்து அம்மியை நகர்த்தியவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள், உங்களால் முடியும். இப்படிப் பார்க்கவும் பொறுக்கவும் பழகிய பிள்ளை இருக்கும் வீட்டில், நாளைக்குத் தாய்க்குப் பல் போனால் சோறு தானாகக் குழையும். தகப்பனுக்குக் கை நடுங்கினால் டம்ளர் பாதியளவே நிரம்பும். யாரும் கேட்க வேண்டியிருக்காது.